இடது சக்கரத்துக்கு அடியில் பலகை

என் கணவருக்குப் போர்ட் பிளேயரில் முதுகில் ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். இனி டிராக்டரில் ஏறவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. வீட்டுக்கு வந்த மறுநாளே இவர் டிராக்டரை விற்க ஆள் பார்த்துவிட்டார். மாயாபந்தரிலிருந்து ஒரு பெங்காலி வியாபாரி ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப்போவதாகப் பேச்சு.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பே மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த வண்டி அது. பின்னால் மாட்டும் இரண்டு கொழுக் கலப்பையும் அதே வயதுதான். ஊரில் எல்லோரும் பவர் டில்லருக்கு மாறிய பிறகும் இவர் மாறவில்லை. வண்டி போனால் வயல் குத்தகைக்குப் போகும். அப்புறம் இந்த மனிதர் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து என் உயிரை எடுப்பார்.

“நான் உழுறேங்க” என்றேன்.

“தேங்காய் ஏத்திக்கிட்டு படகு ஜெட்டிக்கு ஓட்டுறதும் இதுவும் ஒண்ணா? இந்தக் கலப்பை என் பேச்சத்தான் கேக்கும்.”

அதில் பொய்யில்லை. இடது கையில் ஸ்டீயரிங், வலது கை முதுகுக்குப் பின்னால் கலப்பையை ஒரு பக்கம் ஏற்றி இறக்கச் சுற்றும் கைப்பிடியில். உடம்பை முறுக்கித் திரும்பி உட்கார்ந்தபடியே வயல் முழுக்க உழுது முடிப்பார். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற வீட்டில் பிறந்தவள் நான். உழவென்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கொப்பரை காயப்போடும் சிமெண்டுத் தளத்தில் வண்டியை நிறுத்தி, அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்ய, நான் கலப்பையை மாட்டினேன். சட்டத்தின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். வருஷா வருஷம் அவர் செய்வது அதுதான்.

முதல் சால் சுமாராக வந்தது. இரண்டாவது சாலுக்கு வலது சக்கரம் ஏற்கெனவே உழுத பள்ளத்தில் இறங்கியதும் முன் கொழு மண்ணுக்குள் புதைந்தது, பின் கொழு மேலே சும்மா கீறிக்கொண்டு வந்தது. “திரும்பு! கைப்பிடியச் சுத்து!” என்று வரப்பிலிருந்து கத்தினார். திரும்பினேன், வண்டி கோணிக்கொண்டு போனது. நேராகப் பார்த்து ஓட்டினால் இஞ்சின் முனகி நின்றது.

“சொன்னேன்ல. நாளைக்கு அவன் வரட்டும், குடுத்துடலாம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். சீட்டில் வலது பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தேன்.

“நானே சாஞ்சு ஒக்காந்திருக்கேன். எனக்குப் பின்னால கட்டுன கலப்பை மட்டும் எப்படிங்க நேரா இருக்கும்?”

வண்டியைத் திரும்பத் தளத்துக்கே கொண்டுபோனேன், அவரும் பின்னாலேயே மெல்ல நடந்து வந்தார். வீடு கட்டி மிஞ்சிய படாக்கு மரப் பலகைகளை உழவின் ஆழத்துக்கு அடுக்கி, இடது பக்கச் சக்கரங்கள் இரண்டையும் அவற்றின் மேல் ஏற்றினேன். வயலில் சாய்ந்த மாதிரியே வண்டி வலது பக்கம் சாய்ந்து நின்றது.

“மட்டமான தளத்துல வண்டியக் கோணலா நிறுத்துறியே, பைத்தியமா நீ, பாகல் ஆயிட்டியா?”

ஆனாலும் ரசமட்டத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். சாய்ந்த வண்டிக்குப் பின்னால் கலப்பை மட்டமாகும்வரை கைப்பிடியைச் சுற்றினேன். நிறையவே சுற்ற வேண்டியிருந்தது.

வயலில் இறங்கியதும் இரண்டு கொழுவும் ஒரே ஆழத்தில் இறங்கின. மண் புரண்டு புரண்டு விழுந்தது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், பார்வை முன்னால். கால் வயல் முடியும்வரை ஒரு தடவைகூட நான் கைப்பிடியைத் தொடவில்லை. எனக்கு ஒரே குஷி.

வரப்போரம் வண்டியை நிறுத்தியபோது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். “டிராக்டர் நஹி பேச்னா, பாய். கர்வாலி சலாத்தா ஹை.” விற்பதில்லை, வீட்டுக்காரி ஓட்டுகிறாள் என்று. நான் ஜெயித்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

அவர் சிரிக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நான் உழுத சாலைப் பார்த்தார். கை தானாக, ஆபரேஷனுக்குப் பிறகு கட்டியிருந்த இடுப்புப் பெல்ட்டுக்குப் போனது.

“அப்ப இத்தன வருஷமா நான் முறுக்கித் திரும்பி ஒக்காந்ததெல்லாம் தேவையே இல்லியா?”

இன்னும் முக்கால் வயல் பாக்கி இருந்தது. அவரை வரப்பிலேயே விட்டுவிட்டு உழப் போனேன்.