சதுப்பு நிலத்தின் மூன்றாம் தளம்

நகராட்சிச் சட்டப் பிரிவில் என் எதிர் மேஜைக்காரருக்கு ஷரத்து அக்கா என்று பெயர். வைத்தவன் நான்தான். கணவரைக் கடைக்கு அனுப்பும்போதுகூட, "தக்காளி பழுத்திருந்தா அரைக் கிலோ, பழுக்கலன்னா கால் கிலோ, ரெண்டும் இல்லன்னா போன் பண்ணுங்க" என்று மூன்று ஷரத்து போடுகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது?

அக்கா சட்டம் படித்தவர் இல்லை. தட்டச்சுக்காரராகச் சேர்ந்து, இருபத்தாறு வருடத்தில் ஒப்பந்தம் தயாரிக்கிற அளவுக்கு வந்தவர். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய ஒப்பந்தம் ஒன்றை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றுவதுதான் எங்கள் பிரிவின் தயாரிப்பு.

ஊரின் ஓரத்தில் குப்பை மேடாகிப்போன சதுப்பு நிலத்தை மீட்க ஒரு திட்டம் வந்தது. நிலம் நகராட்சியுடையது. செலவில் மூன்றில் ஒரு பங்கை அரசு தரும், மீதியை ஒரு பெயின்ட் கம்பெனி தரும். இப்படி ஒரு கூட்டு ஒப்பந்தத்தை நாங்கள் போட்டதே இல்லை. நான்தான் அலமாரியைக் குடைந்து, ஒரு கட்டுமான நிறுவனத்தோடு சேர்ந்து வாகன நிறுத்துமிடம் கட்டியபோது போட்ட ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். "அதுவும் அரசும் தனியாரும் சேர்ந்ததுதானே அக்கா?" என்று வேறு சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்தானது. மாலை, போட்டோ, கைதட்டல் எல்லாம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை பதிவு. வியாழன் காலை பக்க எண் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் முகம் வெளிறிப்போனது.

"தம்பி, இதைக் கொஞ்சம் படியேன்."

பதினோராம் ஷரத்தைப் படித்தேன். 'சதுப்பு நிலத்தின் மூன்றாம் தளத்திலுள்ள லிஃப்டை இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் நிலையில் வைத்திருப்பது கம்பெனியின் பொறுப்பு.' வாகன நிறுத்துமிடம் என்று இருந்த இடத்திலெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் சதுப்பு நிலம் என்று மாற்றியிருக்கிறார் அக்கா. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்காமல் பதினான்காவதைக் காட்டினார். 'ஒரு தரப்பினர் விலகினால், சதுப்பு நிலம் அவரவர் செலுத்திய தொகையின் விகிதத்தில் பிரிக்கப்படும்.'

கம்பெனி அடுத்த வருடமே விலகினாலும் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். கட்டடமே கட்டலாம்.

"யாரும் படிக்கல அக்கா, பேசாம விட்டுடுங்க. பதினாலு மாசத்துல ரிட்டையர் ஆகப்போறீங்க. விசாரணை, கிசாரணைன்னு வந்தா பென்ஷனே நின்னுடும்" என்று கிசுகிசுத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொன்னேன்.

"போன மழைக்கு எங்க வீட்டுல கட்டில் வரைக்கும் தண்ணி. சதுப்பு கொஞ்சம் குடிச்சதாலதான் கட்டிலோட நின்னுச்சு. அதையும் துண்டு போட்டு எடுத்துக்கிட்டா, அடுத்த மழைக்கு எங்கே ஏறி உக்காருறது? நீ சொல்லு."

அக்கா எழுந்து சட்ட அதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதிகாரி பத்து நிமிடம் கத்தினார். பிறகு கம்பெனி வக்கீலுக்குப் போன் போட்டார்.

மதியம் வக்கீல் வந்தார். பதினான்கைப் படித்ததும் அவர் முகத்தில் ஒரு புன்னகை படர்ந்தது. "கையெழுத்து போட்டாச்சே மேடம். எங்களுக்கு இதுல ஒண்ணும் தொந்தரவு இல்லையே" என்றார் அக்காவிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "சரிங்க சார். அப்ப பதினொண்ணும் அப்படியே இருக்கட்டும்."

வக்கீல் பக்கத்தைப் புரட்டினார். படித்தார். மறுபடி படித்தார்.

"அந்த லிஃப்ட் என்னைக்கு ஓடும்னு உங்க முதலாளிகிட்ட கேட்டுச் சொல்லுங்க. ஓடலன்னா தினம் அபராதம், அது பன்னண்டாவதுல இருக்கு. படிச்சுப் பாக்காம டைப் பண்ணது என் தப்பு, எழுதியே தரேன். படிக்காம முதலாளிகிட்ட கையெழுத்து வாங்கினதுக்கு நீங்க யாருக்கு எழுதித் தரப்போறீங்க?"

முதலில் சிரித்தவர் வக்கீல்தான். "இது முதலாளிக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிடும் மேடம்."

"என் சீட்டும்தான். வாங்க, மாத்திடலாம்" என்றார் அக்கா.

சாயங்காலம் வரை உட்கார்ந்து எழுதினார்கள். நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு தனி அறக்கட்டளை. அதில் நகராட்சிக்கும் அரசுக்கும் கம்பெனிக்கும் சுற்றுப்புறத் தெருக்காரர்களுக்கும் இடம். போட்ட பணத்தை யாரும் திரும்ப எடுக்க முடியாது. விலகுகிறவர் தன் நாற்காலியை மட்டும் காலி செய்துவிட்டுப் போகலாம். செய்த பாவத்துக்கு நான் நாலு தடவை டீ வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை எல்லாரும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். புதிய பதினான்கில் அதிகாரியின் விரல் நின்றது. 'எத்தரப்பினர் விலகினாலும் நிலம் பிரிக்கப்படாது. அது சதுப்பு நிலமாகவே நீடிக்கும்.'

"நல்லா இருக்கேம்மா. எந்த ஃபைல்ல இருந்து எடுத்தீங்க?"

"எந்த ஃபைல்லயும் இல்ல சார். நானே எழுதினேன்."

அவர் இன்னொரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். விசாரணையைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மதியத்துக்குள் பதிவும் முடிந்தது. முத்திரை விழுந்த பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அக்கா பதிவு அலுவலக வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

"அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே அக்கா, ஏன் அழறீங்க?"

"முடிஞ்சதுக்குத்தான்டா அழறேன்" என்றார்.