கோமதி டீச்சர் காட்டாத சைகை

கோமதி டீச்சர் இறந்துபோன செய்தி பதினோரு நாள் தாமதமாக எனக்கு வந்தது. நபீசா கடிதம் எழுதியிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. அதனால் தமிழை மலையாள எழுத்தில் எழுதியிருந்தாள். மட்டாஞ்சேரிப் பக்கம் சுள்ளிக்கல் வீட்டில் டீச்சர் தனியாக இருந்தார், இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் பால்காரர் கதவைத் தட்டியும் திறக்கவில்லை. அவ்வளவுதான் செய்தி.

கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் விசாகப்பட்டினம் வந்து நான்கு வருடம் ஆகிறது. லாட்ஜில் என்னோடு தங்கியிருப்பவரிடம் "எனக்குத் தெரிந்த ஒருவர் போய்விட்டார்" என்றேன். சொந்தமா என்று கேட்டார். இல்லை. உன் டீச்சரா? அதுவும் இல்லை, அவர் எனக்குப் பாடம் எடுத்ததில்லை. பின்னே என்ன என்றார். சாஃப்ட்பால் என்று தொடங்கினேன், அது என்ன என்றார். பேச்சை விட்டுவிட்டேன்.

இதை மட்டாஞ்சேரியில் அவரை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன், முக்கியமாக அந்த ஒன்பது பெண்களுக்காக. எனக்குப் புகழ்ந்து எழுத வராது. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

நான் அந்தப் பள்ளிக்குள் முதலில் போனது தண்ணீர் பம்ப் ரிப்பேருக்கு. அப்போது வெலிங்டன் தீவில் ஒரு ஒர்க்ஷாப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. முற்றத்தில் பெண்கள் பேஸ்பால் மாதிரியான அந்த சாஃப்ட்பாலை ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து போடுகிற பெண் கையை முழுவட்டம் சுழற்றவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் பந்து போட்டவன் நான். "இப்படிப் போட்டால் வேகம் எங்கிருந்து வரும்?" என்று ஸ்பானரோடு நடுவில் போய் நின்றேன். பந்தை வாங்கிக் கையைத் தாழச் சுழற்றி ஒன்று போட்டேன். கேட்சர் பெண் பிடிக்கவில்லை, ஒதுங்கிக்கொண்டாள்.

விசில் கழுத்தில் தொங்க டீச்சர் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், அங்கே யாரும் மிச்சமில்லை என்று பிறகு தெரிந்தது.

"பிரசங்கம் மதி, போதும் இஞ்சினியரே. நாளைக்கு நாலரைக்கு வாங்க. இதே வேகத்துல போடணும், கேட்டோ."

நான் வெறும் டிப்ளமா என்றேன்.

"அது எனக்குத் தெரியும். டிகிரிக்காரன் பம்புக்குள்ள கையை விடமாட்டான்."

அவருக்கு என் கைதான் தேவை. அந்த வருடம் மாவட்டப் போட்டியில் எர்ணாகுளத்துப் பள்ளி ஒன்றின் பந்தாளிடம் நம் பெண்கள் ஏழு இன்னிங்ஸ் நின்று ஒரு பந்தைக்கூடத் தொடாமல் திரும்பியிருந்தார்கள். உயரமான பெண், நீளக் கை. நம்மவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'மெயில்', மெயில் ரயிலை நினைத்து. "வர்ற சத்தம் கேட்கும் சேட்டா, பார்க்கறதுக்குள்ள போயிருக்கும்" என்றாள் நபீசா. அவள்தான் கேப்டன்.

பள்ளியின் மேலாளர் டீச்சரிடம் கெடு வைத்திருந்தார். பனிக்காலம் முடிந்து வெயில் ஏறினால் பள்ளி முற்றத்தில் பாதியைப் பக்கத்துக் கோடவுனுக்கு இஞ்சி காயப்போட விடுவார்கள். மீதிப் பாதியில்தான் ஆட்டம். "வர்ற வருஷமும் கப் வரல்லேன்னா ஆட்டம் மதி டீச்சரே. முற்றம் முழுக்க இஞ்சிக்கு" என்று என் காதுபடச் சொன்னார். டீச்சருக்கு அந்த ஆட்டத்தைத் தவிர வேறு எதுவும் இருந்ததாக நான் பார்த்ததில்லை.

அந்த முற்றத்துக்கென்று ஒரு சட்டம் இருந்தது. இஞ்சிப் பாயில் பந்து விழுந்தால் அவுட். அதனால் நம் பெண்கள் யாரும் உயர அடிக்கமாட்டார்கள், பந்தைத் தரையோடு தட்டுவார்கள். எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது. டீச்சருக்கு அப்படிப் படவில்லை. "மெயிலோட பந்தை ஜெயிக்க முடியாது இஞ்சினியரே. அவ கையை ஜெயிக்கலாம்" என்றார். எதிரணியில் பந்து போட அவள் ஒருத்திதான். அரையிறுதி காலையில், இறுதி அதே நாள் மதியம். இரண்டிலும் அவள்தான் போட்டாக வேண்டும். "போட வைக்கணும். போட்டுப் போட்டுக் கை கீழ இறங்கணும். அதுவரைக்கும் நம்ம பிள்ளைங்க நிக்கணும்."

நான் கணக்குப் போட்டேன். அவள் பந்து நாற்பது அடியைக் கடக்க ஏறக்குறைய அரை விநாடி. என் வேகத்துக்கு நான் எட்டு அடி முன்னால் வந்து போட்டால் அதே அரை விநாடி. டீச்சர் ஒப்புக்கொண்டார், சுண்ணாம்பில் புதிய கோடு போட்டார். ஆனால் பெண்கள் கையிலிருந்து பேட்டை வாங்கி வைத்துவிட்டார். மூன்று வாரம் வெறுங்கையோடு நிற்க வேண்டும். நான் போடுகிற பந்து கேட்சர் கைக்குப் போவதற்குள், அது அடிக்கத் தக்கதென்றால் 'வேணும்', விலகிப் போவதென்றால் 'வேண்டா' என்று உரக்கச் சொல்ல வேண்டும். எனக்கு எரிச்சலாக இருந்தது. பேட் இல்லாமல் என்ன பயிற்சி இது?

"வேண்டா! வேண்டா! வேண்டா!" என்று முற்றம் முழங்கும். இஞ்சி புரட்டுகிற வர்கீஸ் ஒருநாள் கேட்டான், "எந்தா டீச்சரே, யாராச்சும் பொண்ணு பார்க்க வந்தோ? எல்லாரும் வேண்டா வேண்டாங்கறா."

"ஆமாம் வர்கீஸே. உன்னைப் பார்த்துத்தான் சொல்றா."

நபீசா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த பந்தைப் போடச் சொன்னார்.

மூன்றாம் வாரம் முடிவில் நபீசா பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னாள். பேட்டைத் திரும்பக் கொடுத்தபோது என் பந்தைத் தொட்டார்கள். அடித்தார்கள் என்று சொல்லமாட்டேன், தொட்டார்கள். டீச்சருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

அடுத்த போட்டியின் இறுதி ஆட்டம் எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில். நாங்கள் படகில் போனோம். டீச்சர் சொன்னபடியே எல்லாம் நடந்தது, அதை நான் பதிவு செய்தாக வேண்டும். மூன்றாம் இன்னிங்ஸில் அவர்கள் ஒரு ரன் எடுத்துவிட்டார்கள். நம் பெண்கள் ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் ஏழு பந்து, எட்டுப் பந்து போட வைத்துவிட்டுத்தான் அவுட் ஆனாள். ஐந்தாம் இன்னிங்ஸில் மெயில் தோளை நீவிவிட்டுக்கொண்டாள். ஆறாவதில் பந்து எகிறத் தொடங்கியது.

ஏழாவது, கடைசி இன்னிங்ஸ். நம் ஆட்டம். இரண்டு பேர் அவுட், மூன்றாவது அவுட்டோடு ஆட்டம் முடியும். மூன்று பேஸிலும், ஓடிச் சேர வேண்டிய மூன்று மூலையிலும், நம் பெண்கள். யாரும் அடித்துப் போனவர்கள் அல்ல, பொறுத்துப் போனவர்கள். நான்கு பந்து விலகிப் போனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கலாம் என்பது ஆட்டத்தின் விதி. மூன்று பேஸும் நிரம்பியிருக்கும்போது அப்படி ஒருத்தி நடந்தால், முன்னால் நிற்பவள் தானாகவே வீட்டுக்கு, அதாவது பேட்டர் நிற்கும் இடத்துக்கு, வந்து சேர்வாள், ஒரு ரன். பேட்டோடு நின்றவள் நபீசா. முதல் மூன்று பந்தும் விலகிப் போயின. இன்னும் ஒன்று விலகினால் ஆட்டம் சமன்.

பெஞ்ச் நபீசாவின் முதுகுப் பக்கம். அதனால் டீச்சரின் சைகையை மூன்றாவது பேஸ் ஓரம் நிற்கிற நான் வாங்கி அவளுக்குக் காட்டுவேன். காதைத் தொட்டால் பொறு. மணிக்கட்டைத் தொட்டால் அடி. டீச்சர் காதைத் தொட்டார். ஒருமுறைக்கு இரண்டுமுறை தொட்டார்.

நான் மணிக்கட்டைத் தொட்டேன்.

கணக்கு இதுதான். நான்காவதும் விலகினால் ரன், ஆகவே மெயில் நேராகத்தான் போட்டாக வேண்டும். கை ஓய்ந்துவிட்டது, வேகம் பாதிதான் இருக்கும். அன்று முழுக்க அடிக்க வாகான ஒரே பந்து அது. அடித்தால் இரண்டு ரன், கோப்பை. அத்தனை வாரம் பொறுத்துப் பொறுத்து எனக்கு அலுத்தும் போயிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பந்து நேராக வரவில்லை. உயர்ந்து, வெளியே விலகி வந்தது. நபீசாவின் உதடு அசைந்ததை நான் பார்த்தேன், 'வேண்டா' என்றுதான். ஆனால் அடி என்று நான் காட்டியிருந்தேனே. எட்டி வீசினாள். பேட்டின் நுனியில் பட்டு மேலே எழும்பி, மெயிலின் கையிலேயே மெதுவாக இறங்கியது.

மேலாளர் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "ஆரு அடிக்கச் சொன்னது?"

நபீசா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் சொன்னார், "நான்தான்."

திரும்பும் படகில் பெண்கள் ஒரு பக்கம் கூடி உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் தனியாக மறுபக்கம். அவர்கள் யாரும் அவரோடு பேசவில்லை. நான் போய் நின்றேன். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"எதுக்கு?"

"தப்பு என்னோடது."

"ஆமாம், உங்களோடதுதான். எனக்கு உங்க மேல தேஷ்யம் உண்டு, கோபம். நல்லா உண்டு. இப்போ உங்களை இந்தத் தண்ணியில தள்ளிவிடலாம்னு தோணுது." குரலை உயர்த்தவே இல்லை. "ஆனா அது எனக்கும் உங்களுக்கும். அங்க நின்னு காட்டின சைகை பொய்யுன்னு பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா, அடுத்த தடவை எதைப் பார்த்து நிப்பாங்க?"

அடுத்த தடவை இருக்கவில்லை. கோடைக்குள் முற்றம் முழுவதும் பாய் விரித்துவிட்டார்கள். டீச்சருக்குத் தையல் வகுப்பு கொடுத்தார்கள். அடுத்த தடவை இல்லை என்றான பிறகாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் சுள்ளிக்கல் போனேன். ஒரு அறை, ஒரு நாற்காலி. எனக்கு அதைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். சாயா போட்டுத் தந்தார். என் வேலையைக் கேட்டார், சம்பளம் கேட்டார், கல்யாணம் எப்போது என்றார். பிள்ளைகள் யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். "அவங்கவங்களுக்கு வீடு, குடும்பம்" என்றார். படகில் பேசிய பேச்சை அவர் தொடர்வார் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக எழுந்து வந்திருப்பேன். "கடைசிப் படகு போயிரும், கிளம்புங்க" என்றார். அவரிடம் நான் கடைசியாகக் கேட்ட சொல் அது.

நபீசா தன் கடிதத்தில் எழுதியிருந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். 'டீச்சர் அன்னைக்கு அடிக்கச் சொன்னதை நாங்க மனசுல வெச்சிட்டோம் சேட்டா. போய்ப் பார்க்காம இருந்துட்டோம். பாவம், அவருக்கும் ஒரு தப்பு வரும்தானே.'

வரவில்லை, நபீசா. அவர் பொறு என்றுதான் காட்டினார். இரண்டுமுறை காட்டினார். நீ 'வேண்டா' என்று சொன்னதும் சரி. தப்பான ஆளாக நான் நடுவில் நின்றேன். சமனான பிறகு ஜெயித்திருப்போமா என்று தெரியாது, அந்தக் கணக்கை இனி யாராலும் போட முடியாது. இதை மற்ற எட்டுப் பேரிடமும் சொல்.

உங்களிடம் அவருடைய விசில் இருக்கலாம், புகைப்படம் இருக்கலாம். அவர் கோபப்பட்டு நீங்கள் ஒருவரும் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தை அவர் என் ஒருவனுக்கு மட்டும் கொடுத்தார், திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. டீச்சரிடமிருந்து எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். வைத்திருக்கிறேன்.