நான் நின்ற இடத்தில் தேயிலைச் செடி

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூட மரியாதை உண்டு. "போங்க சாமி, அந்தப் பக்கம் போங்க" என்றுதான் என் மாமியார் அதை அடுப்பங்கரையிலிருந்து விரட்டுவார். கல்யாணமாகி வந்த புதிதில் என்னையும் அப்படித்தான் அழைத்தார். "சாப்புடுங்க அம்மிணி", "தூங்குங்க அம்மிணி". எங்கள் ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒருவரை இத்தனை மரியாதையாகப் பேசினால் சண்டை என்று அர்த்தம். பிரியம் என்றால் "ஏட்டி", "ஏலே"தான். என்மேல் என்ன கோபமோ என்று ஒரு மாதம் பயந்து பயந்து சோறு தின்றேன். கடைசியில் கணவரிடம் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

கடல் தாண்டிப் போனவர்கள் எழுதுவதைத்தான் புலம்பெயர்வு என்று நீங்கள் படித்திருப்பீர்கள். நான் இடுக்கி மலையிலிருந்து இறங்கிப் பாலக்காட்டு வெயிலுக்கு வந்தவள். அதே மாநிலம், அதே ரேஷன் கார்டு, பேச்சும் தமிழ்தான். சிரிக்காதீர்கள். ஸ்வெட்டர் போட்டு வளர்ந்த உடம்புக்கு இந்தப் பனைமரக் காடும் அனல் காற்றும் அடுத்த தேசம்தான். பஞ்சாயத்து ஆபீஸில் என் மலையாளத்தைக் கேட்டு "இடுக்கியில் எவிடெயா?" என்று, இடுக்கியில் எங்கே என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் "கேரளாக்காரி வந்துட்டா" என்கிறார்கள். போகட்டும், லயத்துக்குப் போனால் நான் சரசுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் என் அண்ணன் ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தனுப்பினான். அவன் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். படம் எடுக்கவும் சேர்க்கவும் தெரியும், திரும்பப் பார்க்கத் தெரியாது. கேமராவிலிருந்து ஒருமுறை, போனிலிருந்து ஒருமுறை, வாட்ஸ்அப்பிலிருந்து ஒருமுறை என்று ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் கொட்டி டிஸ்க் நிரம்பிவிட்டது. "எல்லாம் டபுள் டபுளா கெடக்கு, நீதான கம்ப்யூட்டர் படிச்சவ, களையெடுத்துக் குடு" என்று போனில் சொன்னான். எனக்கு அதில் பெருமைதான். நான் இங்கே ஒரு அரிசி ஆலையில் கணினி வேலை பார்க்கிறேன். இரட்டைப் படங்களைத் தேடிப் பிடிக்கிற ஒரு மென்பொருளைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தேன்.

அது ஒரே மாதிரிப் படங்களை ஜோடி ஜோடியாகத் திரையில் வைக்கும். எதை அழிக்கலாம் என்று அதுவே ஒன்றில் டிக் போட்டுக் காட்டும். பழையதைத் தள்ளிப் புதியதை வைத்துக்கொள்வது அதன் கணக்கு. அப்பா கொழுந்து மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் படம், தங்கை செல்வி பள்ளிக்கூடச் சீருடையில் அழும் படம் என்று பார்த்துப் பார்த்து அழித்துக்கொண்டே வந்தேன். செல்வியை நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். அம்மா விடிந்தால் கொழுந்து கிள்ளப் போய்விடுவாள். செல்வி முதன்முதலில் "அம்மா" என்று கூப்பிட்டது என்னைத்தான்.

அப்போதுதான் போன வருஷத்துக் கோயில் கொடைத் திருவிழாப் படம் வந்தது. வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டேன் என்று ரெண்டு வருஷம் என்னோடு பேசாத அம்மா, என் மகள் பிறந்த பிறகு மனசு மாறி எங்களைக் கொடைக்கு அழைத்திருந்தாள். கோழி அடித்துக் குழம்பு வைத்து மருமகனுக்குத் தன் கையாலேயே பரிமாறினாள். அன்றைக்கு எல்லோரும் கோயில் முன்னால் நின்று எடுத்த படம் அது. இடது பக்கப் படத்தில் அப்பா, அம்மா, அண்ணன், செல்வி, நான், என் கணவர், அவர் கையில் மகள். வலது பக்கத்தில் அதே படம். அதில் அப்பா, அம்மா, அண்ணன், செல்வி. நாங்கள் மூவரும் நின்ற இடத்தில் தேயிலைச் செடி முளைத்திருந்தது.

நாங்கள் இருந்த படத்தின்மேல் அழிக்கச் சொல்லி டிக் விழுந்திருந்தது.

ஏதோ கோளாறு என்று அடுத்த ஜோடியைப் பார்த்தேன். பொங்கல் படம். அதிலும் நான் இல்லை. அதற்கடுத்தது அண்ணன் புது ஜீப்புக்குப் பூசை போட்ட படம். என் கணவர் சூடம் காட்டிய இடத்தில் வெறும் சுவர்.  செல்விக்குப் போன் போட்டேன். அவளுக்குக் கம்பத்துப் பக்கம் ஒரு இடம் வந்திருப்பதாகவும், இன்னும் பேசிக்கொண்டுதான் இருப்பதாகவும் அம்மா சொல்லியிருந்தாள். படத்தைப் பற்றிக் கேட்டதும் செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சு முடிந்துவிட்டதாம், தை மாதம் கல்யாணமாம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது குடும்ப ஆல்பத்தைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். காப்பி குடிக்கிற சாக்கில் ஆல்பத்தைப் புரட்டி, யார் யார், எங்கே கொடுத்தீர்கள், எங்கே எடுத்தீர்கள் என்று குலம் கோத்திரமெல்லாம் உருவிவிடுவார்கள். அதனால் முன்கூட்டியே ஸ்டூடியோவில் கொடுத்து எங்களைப் படங்களிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, வீட்டில் ஒரு பையன், ஒரு பெண் என்று சொல்லிவிட்டார்கள்.

லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் வரிசை முழுக்கக் கேட்கும். அத்தனை வீடும் இதைத் தெரிந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. எனக்குத் தலைபின்னிவிட்ட சித்தி, நான் பேறுகாலம் பார்க்கத் துணைக்குப் போன மதினி, எல்லோரும்தான்.

"ஸ்டூடியோவுல யாருட்டி போய்ச் சொன்னது?" என்று கேட்டேன். அண்ணன் என்பாள், அம்மா என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நான்தான்க்கா. பக்கத்துல உக்காந்து எங்க வெட்டணும்னு காட்டிக் குடுத்தேன்."

 அவளே மேலும் சொன்னாள். "நீ எறங்கிப் போயிட்ட, உனக்குன்னு ஒரு வீடு ஆச்சு. அப்பா வேலைய விட்டு நின்னா கம்பெனி இந்த லயத்தையும் காலி பண்ணச் சொல்லிரும். நான் எங்க போறது? நீ இருக்கன்னு சொல்லி ரெண்டு எடத்துக்காரங்க எந்திரிச்சுப் போயிட்டாங்கக்கா."

நியாயம்தான். நியாயம் தெரிந்தும் நெஞ்சு எரிகிறதே, அதற்கு நான் என்ன செய்ய? பாவி, உனக்கா பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தேன் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கல்யாணத்துக்காவது நான் வரலாமா என்று கேட்டேன். அதைக் கேட்கும்போது எனக்கே என்மேல் வெட்கமாக இருந்தது.

"நீ வராம எப்படிக்கா? வா. அத்தானையும் பிள்ளையையும் மட்டும் விட்டுட்டு வா. கேட்டா, பாலக்காட்டுச் சிநேகிதின்னு சொல்லிக்கிடலாம்."

போனை வைத்துவிட்டு அந்த வெட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலை சுத்தமில்லை. நான் அன்றைக்குச் செல்வியின் தோளில் கைபோட்டு நின்றிருந்தேன். மணிக்கட்டு வரை வெட்டியவர்களுக்கு அவள் தோளிலிருந்த விரல்களை எடுக்கத் தெரியவில்லை. தங்கையின் தோளில் நாலு விரல் அப்படியே கிடந்தது. ஆல்பம் பார்த்த கம்பத்துக்காரர்கள் அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. எந்தப் படத்தையும் அழிக்காமல் கணினியை மூடினேன்.

கூடத்துக்கு வந்தால் மாமியார் ஒரு பட்டுப்புடவையை மடியில் விரித்துத் தடவிக்கொண்டிருந்தார். செல்விக்கு இடம் வந்திருக்கிறது என்று நான் சொன்ன அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டாராம். மாம்பழ நிறம், அரக்குக் கரை. கல்யாணத்துக்கு வேன் பிடித்து எல்லோருமாகப் போய்விடலாம் என்றார். பிறகு அதை மடித்து என் கையில் வைத்தார்.

"அக்காக்காரிதானுங்க அம்மிணி மொதப் பொடவை குடுக்கோணும். உங்க கையாலயே கட்டிவுடுங்க."

"சரிங்க அத்தை" என்றேன். வேறு என்ன சொல்ல? பிறந்த வீட்டின் மானத்தை இந்த வீட்டில் அவிழ்த்துக் கொட்ட எனக்கு வாய் வரவில்லை. புடவையை வாங்கிக்கொண்டு நின்றேன். அக்கா கட்டிவிட வேண்டிய புடவையைப் பாலக்காட்டுச் சிநேகிதி என்ன சொல்லிக் கொடுப்பாள்?