இடது பக்கம் வைக்காதீங்க

என் மாமனாரின் சட்டையில் இடது பை மட்டும் எப்போதும் தொய்ந்திருக்கும். செல்போனின் கனம். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்த காலத்தில் சீழ் வைத்ததில் வலது காது அடியோடு போய்விட்டது. இடது காதும் மந்தம். மணிச்சத்தம் கேட்காததால், நெஞ்சில் அது அதிர்வதை வைத்தே அழைப்பைத் தெரிந்துகொள்வார். அழைப்பது பெரும்பாலும் ராணுவத்தில் இருக்கும் அவருடைய மகன், என் கணவர். எல்லையில் சிக்னல் கிடைக்கும்போதுதான் கூப்பிட முடியும்; தவறினால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. முதலில் தகப்பனிடம் பேசிவிட்டுத்தான் என் நம்பருக்கு வருவார்.

ஒரு நாள் மாமா மயங்கி விழுந்தார். ராஜபாளையத்தில் இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "செல்போனை இடது பக்கம் வைக்காதீங்க. ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். வலது காதுல வச்சுப் பேசுங்க" என்றார்.

"அந்தக் காது கேக்காதே சார்" என்றேன்.

"அப்ப ஸ்பீக்கர்ல போடுங்க."

வாடகைக் கார் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டுவதற்குள் போன் பழைய பைக்குப் போய்விட்டது. கேட்டால், "செத்த நேரம்தான் தாயி. அவன் கூப்பிட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். வாங்கி நான் வைத்துக்கொண்டேன்.

வத்திராயிருப்புக்கு வந்த பிறகு அவருக்கு இருப்பே கொள்ளவில்லை. உட்காருவார், எழுவார், "அடிச்சுச்சா?" என்பார். ஆபரேஷன் பயம் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் அது என் கையில் அதிர்ந்தது. அத்தை, என் மாமியார், ரேஷன் கடைக்குப் போயிருந்தார். மாமா அவசரமாகக் கை நீட்டினார். நான் கொடுக்காமல், ஸ்பீக்கரைப் போட்டுத் தள்ளிப் பிடித்தேன்.

"ஐயா, கட்டுப் பிரிச்சிட்டாங்க. கால்ல ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. அவகிட்ட ஒண்ணும் சொல்லலைல?"

அத்தனை வருஷம் காக்கி உடுத்தியவர், பிடிபட்ட ஆளைப்போல என்னைப் பார்த்தார்.

"அவதான்டா போனைப் பிடிச்சிருக்கா."

எனக்கு அழுகை வரவில்லை. "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டேன்.

"வலது."

பேசி முடித்ததும் மாமா கட்டிலில் உட்கார்ந்தார். "பனியில கால் மரத்துப்போயி ஆஸ்பத்திரியில கெடக்கான்னு நான் விழுறதுக்கு முன்னமே தெரியும் தாயி. நீ துடிச்சுப் போவன்னு மறைக்கச் சொன்னான். எம்புட்டு நாளைக்கு நான் ஒருத்தனாச் சுமப்பேன்?"

கோபத்தில் இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அவர் மயங்கி விழுந்தது அந்தச் செய்தி வந்த வாரத்தில்தான் என்று. வயதுதான் காரணம் என்றார் டாக்டர். என் மனம் இன்னும் அதை ஒப்பவில்லை.

கணவர் விடுப்பில் வந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி மகனின் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார் மாமா. அடுத்த வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இப்போது கணவருக்கு ராணுவத்திலேயே ஸ்டோரில் வேலை. என்னிடம் எதையும் மறைப்பதில்லை. நேற்று அழைத்தபோது, விரல் எடுத்த இடத்தில் மறுபடியும் புண் வந்திருப்பதாகச் சொன்னார். பேசி முடித்துப் போனை வைத்தேன்.

அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "என்னட்டி சொன்னான்?"

"நல்லா இருக்காகளாம் அத்தை" என்றேன்.