கவரில் ஒட்டிக்கொண்ட பேர்

அமலாவுக்கென்று இருந்த ஒரே சொத்து அவளுடைய டிகிரி சர்டிபிகேட். அதுவும் அவள் கையில் இல்லை. விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலேறி, திண்டிவனத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் பாடம் நடத்துகிறாள். சேர்ந்த அன்றே ஓனர் சீனுவாசன் ஒரிஜினலை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி டீச்சருக்கு ஒரிஜினல். இப்படித்தான் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூ. ஒரிஜினல் இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள். ஒரு வாரமாகக் கேட்கிறாள். "சாவி வீட்டுல இருக்குதும்மா, பாக்கலாம்" என்று மனுஷன் இழுத்தடிக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை கிளாஸில் 'ஃபேட் அவே' (fade away) என்ற சொற்றொடரை நடத்தினாள். தூரத்தில் போகிற ரயில் சத்தம் தேய்ந்து அடங்குவதற்குச் சொல்லலாம், நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக இற்றுப்போவதற்கும் சொல்லலாம் என்றாள். துணி வெளுப்பதற்கு வெறும் 'ஃபேட்' போதும்.

"மனுசங்களுக்கும் சொல்லலாமா மிஸ்?" என்றாள் துர்கா. டிகிரி முடித்துவிட்டு இங்கிலீஷ் பேசப் பழக வந்த பெண்.

"சொல்லலாம். படுத்த படுக்கையா ஒடுங்கிப் போறவங்களுக்கு. திடீர்னு போறவங்களுக்கு இல்ல."

மத்தியானம் அமலாவுக்குப் பொறுக்கவில்லை. ஓனருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "குடுக்குற வரைக்கும் கிளாஸுக்குப் போமாட்டேன் சார்."

சாவி சட்டைப் பையிலேயே இருந்தது, பாவி மனுஷன். பீரோவைத் திறந்தார். மேலே இருந்த புது பிளாஸ்டிக் கவரை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து அவளுடையதை உருவிக் கொடுத்தார்.

கவருக்குள்ளிருந்து பேப்பரை இழுத்தாள், வரவில்லை. பதமாக உரித்தாள், வந்தது. எத்தனை மழைக்காலத்து ஈரமோ, எத்தனை கத்திரி வெயிலோ! பேப்பர் மட்டும் வெளுப்பாக வந்தது. பேரும் மையும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன.

"டூப்ளிகேட் வாங்க மாசக்கணக்குல ஆவும். இப்ப எங்க போவப் போற? ரெண்டு மணி கிளாஸைப் பாரும்மா," என்றார் சீனுவாசன்.

கிளாஸுக்குத்தான் போனாள். வேறெங்கே போவாள்? பேப்பரையும் கவரையும் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். "எழுதிக்கோங்க. ஒரிஜினலை யார் கேட்டாலும் குடுக்காதீங்க."

எல்லோரும் குனிந்து எழுதினார்கள். துர்கா மட்டும் எழுதவில்லை.

"நேத்தே குடுத்துட்டேனே மிஸ். அடுத்த மாசத்துலேர்ந்து என்னையும் இங்கயே டீச்சரா வரச் சொல்லிருக்காரு சார்."