வாயில் வந்த நோன்பு

நாலு வருடத்துக்கு முன், நத்தார்ப் பண்டிகை முடிந்து சில நாள். சொறிக்கல்முனையில் ஒரு கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் சுவர் பூசும் வேலை. நான் மருதமுனை முஸ்லிம். மேசன். வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ரீச்சர். வீட்டில் அவரும் கணவரும் மட்டும். அன்றுதான் முதல் நாள். பகல் சாப்பாடு கொண்டு வர வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தார்.

நான் பூசிய அறைக்குப் பக்கத்தில்தான் சமைக்கிற குசினி. காலையில் அவருடைய கணவர் கதைத்தது எனக்குக் கேட்டது.

“மகன் கொழும்பால கொண்டு வந்த ஹாம் மிச்சம் கிடக்கு. இண்டைக்கு அதையும் போட்டு முடிச்சிரு.”

ஹாம் என்றால் பன்றி இறைச்சி. கட்டாரில் இரண்டு வருடம் இருந்தவன், எனக்குத் தெரியும்.

கொஞ்சத்தில் வாசம் வந்தது. கேக் சுடுகிற அடுப்பில் உருளைக்கிழங்கு, பால், சீஸ், இறைச்சி எல்லாம் அடுக்கி வேகவைக்கிறார்கள். காலையில் தின்ற ஒரு ரொட்டி எப்போதோ கரைந்துவிட்டது.

பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். ரீச்சர் கூப்பிட்டார்.

“காக்கா, கையக் கழுவிட்டு வாங்க. சாப்பாடு ஆயத்தம்.”

வேண்டாம் என்றால் மனம் நோகும். என்ன இறைச்சி என்று கேட்கக் கூச்சம். வாயில் பொய் வந்தது.

“எனக்கு நோன்பு, ரீச்சர்.”

“ஓ, இண்டைக்குத் திங்கக்கிழமை, சுன்னத்து நோன்பு என்ன. உங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவள் நான். முதல்லயே நினைச்சிருக்க வேணும்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு குசினியில் ஒரு கோப்பைச் சத்தமும் இல்லை. அரை மணிநேரம் கழித்துக் கணவர் வந்து கதவடியில் நின்றார்.

“உங்களால எனக்கும் நோன்பு, காக்கா. நோன்புகாரன் பக்கத்தில இருக்கக்குள்ள கறிவாசம் அடிக்கப்படாதாம். எல்லாத்தையும் மூடி வைச்சிட்டா.”

“நீங்க சாப்பிடுங்க, சேர். எனக்கு ஒண்டும் இல்ல.”

“நான் சொன்னாக் கேப்பாவா? சீனி வருத்தக்காரன், மருந்து குடிக்கிறவன் எண்டு ரெண்டு பிஸ்கட் தந்தா. அதுவும் பூனை மாதிரி ஒளிச்சுத் திண்டன்.”

சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம். சாந்தை அள்ளி அள்ளிச் சுவரில் அடித்தேன். தண்ணீரும் குடிக்க முடியாது.

பின்னேரம் மழை பிடித்தது. ஐந்து மணிக்குச் சாமானைக் கழுவிப் புறப்பட்டேன். ரீச்சர் விடவில்லை. “பசியோட இந்த மழைக்குள்ள போக வேணா. நோன்பு துறந்திட்டுப் போங்க” என்றார். கணவரைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் வந்தார். தலையிலிருந்து கால் வரை ஈரம். மடிக்குள்ளிருந்து ஒரு பொதியை எடுத்தார். பேரீச்சம்பழம்.

பொழுது பட்டது. தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ரீச்சர் ஒரு தட்டைத் திரும்பச் சூடாக்கி என் முன்னால் வைத்தார்.

“இது கோழி. கல்முனையில உங்கட ஆக்களிட்ட வாங்கினது. தட்டும் புதுசு, கத்தியும் வேற. உங்கடதைத்தான் முதல்ல சுட்டு எடுத்தனான். மறுகாதான் எங்கட ஹாம்.”

பழத்தைக் கையில் எடுத்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

“ரீச்சர், எனக்கு நோன்பு இல்ல. ஹாம் எண்டு கேட்டுது. அதான் பொய் சொன்னன்.”

கணவர் தன் ஈரச் சட்டையைப் பார்த்தார்.

“அப்ப நான் மழையில நனைஞ்சது?”

“நீங்க சும்மா இரிங்க” என்றார் ரீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒரு சொல் கேட்டிருக்கலாமே, காக்கா. இவ்வளவு நேரம் பட்டினி கிடந்திட்டீங்களே. சாப்பிடுங்க.”

மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். அவர்கள் தட்டு வேறு, என் தட்டு வேறு. அப்படி ஒரு ருசியை நான் அதுவரை கண்டதில்லை. மிஞ்சியதை மூடிப் பிள்ளைகளுக்கென்று கட்டித் தந்தார்.

இப்போது எந்த வீட்டிலும் என்ன சாப்பாடு என்று முகம் பார்த்துக் கேட்டுவிடுகிறேன். ஆனாலும் திங்கட்கிழமை வந்தால், என் மார்க்கத்தை அன்று என்னைவிட அந்த வேதக்கார ரீச்சர்தான் காத்தார் என்ற நினைப்பு வரும், அவருக்காக ஒரு துஆ கேட்பேன்.