மூங்கில் முனையில் ஒரு கேள்வி

“நாற்பத்தேழு வயசுல கொசுப்புழு எண்ணப் போறேன்னு கிளம்பிட்டா, மத்தியானச் சாப்பாடு என்ன தானா வெந்துக்குமா?” என்றார் என் வீட்டுக்காரர். மத்தியானம் வீட்டில் சாப்பிடுவது அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். குக்கர் இருக்கிறது, அரிசி இருக்கிறது, உங்களுக்கு ரெண்டு கையும் இருக்கிறது என்றேன்.

ஆராய்ச்சியில் ஆராய்ச்சி சிரமமில்லை. இன்னதைச் செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்துச் சம்மதம் வாங்குவதுதான் சிரமம். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு பிஎச்.டி.க்குச் சேர்ந்த என் போன்ற அசடுகளுக்கு இது தெரியும். முன்வரைவைக் கமிட்டி ஏற்றால்தான் பதிவு நிலைக்கும். இல்லையென்றால் மறுபடி அடுப்படி.

போர்டு

என் முதல் வரைவின் தலைப்பு ‘கொல்கத்தாவின் கொசுக்கள்’. இருபது பக்கம். கான்வென்ட் சிஸ்டர்கள் ஸ்கேலால் அடித்துச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் ஒரு கமா பிசகவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் முதல் பக்கத்தையே தாண்டவில்லை.

“மேடம், இது கடை போர்டு. உள்ளே கேள்வி எங்கே?”

பரிசு

கேள்வி, காளிகாட்டில் எங்கள் பால்கனிக்கு நேரே நின்றது. துர்கா பூஜைப் பந்தலுக்கு மழைக்காலத்திலேயே மூங்கில் நட்டுவிடுவார்கள். வெட்டிய முனைகளில் தண்ணீர் தேங்கும். கார்ப்பரேஷன்காரர்கள் தொட்டியையும் டயரையும் குனிந்து பார்ப்பார்கள்; அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். உயரம் கூடக் கூடப் புழு கூடுமா, குறையுமா?

ஏணி போட்டு ஐந்து முனைகளில் தண்ணீர் எடுத்தேன். நான்கில் புழு நெளிந்தது. சந்தோஷம் தாங்காமல் பந்தல் கிளப் செயலாளரிடம் காட்டினேன். தெருவுக்கே நான் ‘பௌதி’, அதாவது அண்ணி. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“பௌதி, இதை எழுதிடாதீங்க. எங்களுக்கு இந்த வருஷம் சிறந்த பந்தல் பரிசு கிடைக்காது.”

ஏணிப்படி

இதில் நான் பண்ணின கோளாறு: மேலே ஏறப் பயந்து, ஐந்தையும் ஒரே படியில் நின்று எடுத்திருந்தேன். “ஒரே உயரத்துல ஐந்து எடுத்தா, உயரத்தைப் பத்தி என்ன தெரியும்?” என்றார் பேராசிரியர். நியாயம்தான். மறுபடி ஏறினேன், மூன்று உயரம், ஒவ்வொன்றிலும் பத்து முனை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார்.

“சீக்கிரம் இறங்கு. தெருவே பார்க்குது.”

ஃபார்மட்

அதே பேராசிரியரிடம் என்னோடு சேர்ந்தவன் சௌமிக். இருபத்தாறு வயது, மரியாதைக்காரப் பையன்; என்னை ‘தீதி’, அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் இங்கிலீஷைத் திருத்திக்கொடுப்பது நான்தான். கமிட்டி கூடுவதற்கு ஒரு வாரம் முன்பு வந்து நின்றான்.

“தீதி, உங்க வரைவை ஒரு நாள் கொடுங்க. ஃபார்மட் மட்டும் பார்த்துட்டுத் தர்றேன்.”

கமிட்டி

அவன் முறை எனக்கு முன்னால் வந்தது. திரையில் மூங்கில் முனை. நான் எடுத்து, அவனிடம் கொடுத்த வரைவில் வைத்திருந்த படம். ஓரத்தில் எங்கள் பால்கனிக் கொடியில் காயும் பனியனைக்கூட அவன் வெட்டவில்லை. கேள்வியும் மூன்று உயரங்களும் என்னுடையவை, கமா உட்பட. எழுந்து சொன்னேன். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“ஐடியா லேபுக்குப் பொது, மேடம். இந்த வயசுல உங்களுக்கு ஏணி எதுக்கு? நீங்க தொட்டித் தண்ணியைப் பாருங்க.”

சௌமிக்குக்குச் சம்மதம் கிடைத்தது. எனக்கு, புதுத் தலைப்போடு வரச்சொல்லி ஆறு மாதத் தவணை. ஆக, ஆய்வு முன்வரைவு என்பது நாம் செய்ய நினைத்ததை அடுத்தவர் செய்வதற்கு வசதியாக, பிழையில்லாத இங்கிலீஷில் எழுதிக்கொடுப்பது.

தட்டில் சிங்காடா, அதாவது வங்காளத்துச் சமோசா, வந்தது. கமிட்டிக்காரர்கள் பிட்டுக்கொண்டிருந்தபோது ஒன்றே ஒன்று கேட்டேன். யாரும் நிமிரவில்லை. இரண்டாவது தடவையும் கேட்டேன்:

“அந்தப் படம் யார் எடுத்ததுன்னு கூட்டக் குறிப்புல ஒரு வரி எழுதுங்க.”